மாலை வகுப்பா, ஞாயிறு வகுப்பா? இலவசப் படிப்பு மையத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு

அரசுப் பள்ளி 4 மணியை ஒட்டி விடுகிறது. சென்னையின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நகருக்குள் போன அம்மாவும் அப்பாவும் வீடு திரும்ப இரவு 7, 8 ஆகிவிடும். நடுவில் கிடக்கும் அந்த 3, 4 மணி நேரத்துக்காகத்தான் மாலை வகுப்பு, இரவுப் பாடசாலை, இலவச டியூஷன் என்று இடத்துக்கு ஒரு பெயரில் மையங்கள் நடக்கின்றன. சமுதாயக் கூடம், மொட்டை மாடி, கோயில் மண்டபம், மாதா கோயில் ஹால் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே.

உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் "எனக்குக் கணக்கு நன்றாக வரும், என்ன வகுப்பு எடுக்கலாம்?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். வாரத்தில் எத்தனை நாள், அதே நேரத்துக்கு, தவறாமல் வர முடியும்? அந்த எண்ணை வைத்துத்தான் உங்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்ல முடியும்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 5ஆம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை வரி வரியாக வாசிக்க வைக்க 50 வகுப்பாவது ஆகும் என்று வைத்துத் திட்டமிடுவது நல்லது. வாரம் 4 நாள் என்றால் 3 மாதத்தில் அதை எட்டலாம். வாரம் ஒரு நாள் என்றால் ஒரு வருடம். அதுவும் 6 நாள் இடைவெளியில் பாதி மறந்துபோகாமல் இருந்தால்தான். ஞாயிறு ஒரே நாளில் 4 மணி நேரம் உட்காரவைத்து ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 40 நிமிடத்துக்கு மேல் அந்தப் பிள்ளையின் கண் புத்தகத்தில் இருக்காது.

வாரம் 4 நாள் வர முடிந்தால்

அப்படி என்றால் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தில் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. வேறு யாரும் செய்ய முடியாத வேலையும் இதுதான்.

முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் சற்றுத் தள்ளி, ஆனால் மற்றவர்கள் பார்வையில் இருக்கும்படி உட்காரவைத்து 10 நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். பிரதம் என்ற தொண்டு அமைப்பு, கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க நடத்தும் அசர் ஆய்வில் பயன்படுத்தும் தாளின் முறை இதற்குப் போதும். 1ஆம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தியில் தொடங்குங்கள். 3 பிழைக்குள் தட்டுத் தடுமாறாமல் வாசித்தால் 2ஆம் வகுப்புத் தரக் கதைக்கு ஏறுங்கள். திணறினால் தனிச் சொற்களுக்கு இறங்குங்கள். 5 சொல்லில் குறைந்தது 4 சரியாக வராவிட்டால் தனி எழுத்துக்கு. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அந்தப் படியை வைத்தே குழு பிரியுங்கள், படிக்கும் வகுப்பை வைத்துப் பிரிக்காதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் வரும். 7ஆம் வகுப்புப் பையனை 3ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னால் மறுநாள் அவன் வரமாட்டான். படி ஒன்றாக இருந்தாலும் பெரிய பிள்ளைகளுக்குத் தனிப் பாயும், வாசிக்கத் தனிப் பொருளும் வேண்டும். பேருந்துப் பலகை, கடைப் பெயர், நாளிதழின் விளையாட்டுப் பக்கத் தலைப்பு இவற்றில் அதே எழுத்துகளைத் தேடச் சொல்லலாம். "அம்மா", "ஆடு" புத்தகத்தை அவன் கையில் கொடுக்கவே கூடாது.

எழுத்துப் படியில் நிற்கும் பிள்ளைகள் பலரும் "க, கா, கி, கீ" என்று பாட்டாகக் கடைசி வரை சொல்லிவிடுவார்கள். அட்டையில் "கீ" மட்டும் தனியாகக் காட்டினால் "க"விலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள். பாட்டுத் தெரியும், எழுத்துத் தெரியாது. அதனால் வரிசையைக் குலைத்துக் கேட்பதை முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும்.

பிழை வரும் இடங்கள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். துணைக்காலும் ரகரமும் கையெழுத்தில் ஒன்றுபோல் இருப்பதால் "காரம்" என்பதை "கரரம்" என்பார்கள். இடப்பக்கம் எழுதும் கொம்பை எழுத்துக்குப் பிறகு ஒலிக்க வேண்டும் என்பதே பலருக்குப் புதிது. "கொடி"யில் கொம்பையும் ககரத்தையும் "கெ" என்று முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் துணைக்காலை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். உகர, ஊகார வரிசைக்கு ஒரே குறி கிடையாது. கு, சு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. ஆகவே கற்பிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் மெய்யும் அகரமும் சேர்ந்த சொற்கள்: படம், மரம், பட்டம். அடுத்து துணைக்கால், பிறகு இகர ஈகாரம், பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, அதன்பின் கொம்பும் காலும் சேர்ந்தவை. உகர ஊகாரம் கடைசி. அதையும் ஒரு நாளைக்கு 3 எழுத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். ல, ள, ழ மயக்கத்தை இந்தக் கட்டத்தில் திருத்த உட்கார்ந்தால் பிள்ளை வாயையே மூடிக்கொள்ளும். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கிலும் இப்படி ஒரு மையமான இடம் இருக்கிறது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று விடை வந்தால் பிள்ளை கவனக்குறைவாகப் போட்டதாக நினைக்க வேண்டாம். 7இலிருந்து 2, 5இலிருந்து 2 என்று பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 52 என்பது அதற்கு 5, 2 என்ற இரண்டு தனி எண்கள். "கடன் வாங்கு" என்று எத்தனை முறை சொன்னாலும் யாரிடம், எதை என்று அதற்குப் புரியாது. துடைப்பத்திலிருந்து 100 ஈர்க்குச்சி, 10 ரப்பர் பேண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாகக் கட்ட வையுங்கள். 5 கட்டு, 2 குச்சி தரையில் இருக்கட்டும். 7 குச்சி எடுக்கச் சொன்னால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு ஒரு கட்டின் ரப்பர் பேண்டைத் தானே கழற்றும். இப்போது 4 கட்டு, 12 குச்சி. அதில் 2 கட்டும் 7 குச்சியும் போனால் 2 கட்டும் 5 குச்சியும் மிச்சம். குச்சியைத் தொட்டுத் தொட்டுச் செய்து ஒரு வாரம் போன பிறகே நோட்டில் எழுத வையுங்கள்.

ஒன்றரை மணி நேரத்தைப் பிரிக்கும்போது வீட்டுப்பாடத்தை முதலில் வைத்தால் அதுவே முழு நேரத்தையும் தின்றுவிடும். நோட்ஸைப் பார்த்து எழுதுவதில் பிள்ளைகளுக்கு அலுப்பே வராது. அதற்காக வீட்டுப்பாடத்தை விட்டுவிடவும் முடியாது. "டியூஷன் போயும் நோட்டு முடிக்கலையே" என்று அம்மா ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த வாரம் பிள்ளை வராது. சுண்டலுக்கு 15 நிமிடம், வாசிப்புக்கு 30, கணக்குக்கு 20, வீட்டுப்பாடத்துக்கு 20 என்று வைத்துக்கொண்டு, கடைசி 5 நிமிடம் ஒரு கதையை உரக்க வாசித்துப் பாதியில் நிறுத்துங்கள். மறுநாள் வர அதுவும் ஒரு காரணமாகட்டும்.

இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும் அக்காக்களை எல்லா மையத்திலும் பார்க்கலாம். "சின்னப் பிள்ளையைக் கூட்டி வராதே" என்றால் அந்தப் பெண் பிள்ளையின் படிப்பும் அதோடு நின்றுவிடும். ஓரமாக ஒரு பாய், பழைய டப்பா, மூடி, நாலு பொம்மை போட்டு வையுங்கள். தண்ணீர் லாரி வரும் கிழமையில் வருகை பாதியாகும். அன்றைக்குப் புதுப்பாடம் எடுக்காதீர்கள்.

இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர் அதே தெருவிலேயே இருப்பவர். 2021 அக்டோபரில் மரக்காணம் பகுதியில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இந்த அடிப்படையில்தான் வடிவமைக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 12ஆம் வகுப்பு முடித்தவர், 6 முதல் 8 வரை பட்டதாரி, ஒருவருக்கு 20 பிள்ளைகள், மாலை 5 முதல் 7க்குள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். பேருந்து பிடித்து வர வேண்டிய பட்டதாரியைவிட, நடந்து வரக்கூடிய 12ஆம் வகுப்பு படித்த பக்கத்துத் தெரு அக்கா இந்த வேலையை நன்றாகச் செய்வார் என்பதே எங்கள் கருத்தும். ஒரு நாள் வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க அவரால் முடியும்.

கல்லூரி மாணவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் செமஸ்டர் தேர்வு வரும் நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரலிலும்தான் பிள்ளைகளுக்கு அரையாண்டும் முழு ஆண்டும் வருகின்றன. அவர்களுக்கு நீங்கள் மிகவும் தேவைப்படும் வாரத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். இருவராகச் சேர்ந்து ஒரு குழுவை எடுத்துக்கொண்டால் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம்.

வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால்

ஐடி வேலையில் இருப்பவர்களில் பலரால் இதுதான் முடியும். மாலை 6 மணிக்கு வெளிநாட்டு அழைப்பு, அதற்கு மேல் ஓஎம்ஆர் நெரிசல். இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வாசிப்பை எடுக்காதீர்கள். ஞாயிறு மையங்களில் வழக்கமாகக் கெடுவது இப்படித்தான்: ஒவ்வொரு வாரமும் புது முகம், "உன் பேர் என்னம்மா?" என்று ஆரம்பித்து, பழங்களின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளை ஆப்பிளையும் மாம்பழத்தையும் ஐந்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

வார இடைவெளியைத் தாங்கும் வேலைகள் வேறு இருக்கின்றன. அவற்றில் முதலாவதாக நாங்கள் சொல்வது 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுப் பயிற்சி. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்கள், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாதவர்கள் எழுதலாம். தேர்வானால் 9 முதல் 12 வரை மாதம் 1000 ரூபாய், 4 ஆண்டில் 48,000. மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடத்தாளில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் மனத்திறன் தாளில். எண் தொடர், கண்ணாடி பிம்பம், பொருந்தாததை நீக்கு போன்ற கேள்விகளை முன்பின் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு வகைக் கேள்வி, அதில் 20 கணக்கு வீட்டுக்கு, அடுத்த சனி திருத்தம் என்று ஆகஸ்டில் ஆரம்பித்தால் அரையாண்டுத் தேர்வுக்கு முன் எல்லா வகையையும் தொட்டுவிடலாம். கடைசி 4 வாரம் கடிகாரத்தை வைத்து மாதிரித் தேர்வு. விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். வருமான விவரமும் சாதிச் சான்றிதழும் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது, செப்டம்பரிலேயே வீட்டில் கேட்டு வையுங்கள்.

அறிவியல் சோதனை, நூலகம், கேரம், சதுரங்கம், ஓவியம் இவையும் வாரம் ஒரு நாளுக்கு ஏற்றவைதான். 2006இல் சென்னையில் தொடங்கிய பூமி போன்ற அமைப்புகள் வார இறுதித் தன்னார்வலர்களை வைத்தே இயங்குகின்றன. எந்த அமைப்பானாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தேதி, என்ன செய்தது, எங்கே தடுக்கியது, அடுத்து என்ன: இந்த நாலு விவரம் எழுதியிருந்தால் அடுத்து வருகிறவர் ஆப்பிளில் ஆரம்பிக்கமாட்டார்.

விடுமுறையில் மட்டும் வர முடிந்தால்

இதைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் ஞாயிறு வகுப்பைவிட வாசிப்புக்கு இது பலன் தரும். தொடர்ந்து 10 நாள், தினம் 2, 3 மணி நேரம், பிறகு இடைவெளி, மறுபடி 10 நாள் என்று பிரதம் அமைப்பு உத்தரப் பிரதேசத்தில் நடத்திய கற்றல் முகாம்கள் இந்த முறையில் அமைந்தவை. நம் ஊரில் காலாண்டு, அரையாண்டு விடுமுறையும் மே மாதமும் இதற்கு வாய்ப்பு. ஊருக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் இது மிகப் பொருந்தும். மே மாதத்தில் காலை 7 முதல் 9 வரை வைத்துக்கொள்ளுங்கள், தகரக் கூரை என்றால் 10 மணிக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. பாட்டி ஊருக்குப் போகும் பிள்ளைகள் யார் யார் என்று முன்பே கேட்டுக் குழு பிரிக்காவிட்டால் நான்காம் நாளே பாதிக் குழு காலியாகிவிடும்.

இணையவழி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் பகலெல்லாம் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும், அவர் வரும்போது பிள்ளை தூங்கப் போகிற நேரம். ஆகவே மையத்திலோ பள்ளியிலோ ஒரு திரையும் பக்கத்தில் ஒரு பெரியவரும் இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஈவித்யாலோகா என்ற தொண்டு அமைப்பு கிராமப் பள்ளிகளில் அப்படித்தான் செய்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இது ஒரு நல்ல வழி, முக்கியமாக 6ஆம் வகுப்புக்கு மேல் ஆங்கிலம் பேசப் பழக்க. எழுத்துப் படியில் நிற்கும் பிள்ளைக்குத் திரை உதவாது. விரல் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்க்க பக்கத்தில் ஆள் வேண்டும்.

பாடம் எடுக்க வராது என்பவர்களுக்கு

மையங்கள் மூடிப்போவது ஆசிரியர் இல்லாமல் மட்டும் நிகழ்வதில்லை. சுண்டல் நின்றால் 10 நாளில் கூட்டம் கரையும். மதியம் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு 5 மணிக்குக் கடும் பசி. 30 பிள்ளைகளுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை சரியாக இருக்கும். ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும், ஆளுக்கு 70 கிராம். முந்தின இரவு ஊறவைத்து மாலை 4 மணிக்குக் குக்கரில் வைக்க வேண்டும். காலையிலேயே வேகவைத்துத் தேங்காயும் போட்டு மூடி வைத்தால் வெயில் காலத்தில் மாலைக்குள் நூல் விட்டுவிடும். தேங்காய் வேண்டுமென்றால் பரிமாறும்போது தூவலாம். பச்சைப்பயறு, காராமணி என்று மாற்றிக்கொண்டால் பிள்ளைகளுக்கு அலுக்காது. இதை வாரம் 5 நாளும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஒருவர், வாரம் ஒரு முறை வந்து போகும் 5 ஆசிரியர்களுக்குச் சமம். வரவு செலவு நோட்டு எழுதுவது, மழைக்காலத்துக்கு எமர்ஜென்சி விளக்கு சார்ஜ் போட்டு வைப்பது, இருட்டியபின் பெண் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிப்போய்த் தெருத் தெருவாக விடுவது இவையும் இந்த வகைதான்.

தனியாக ஒரு மையம் ஆரம்பிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் இன்னொருவர் மையத்தில் ஒரு கல்வியாண்டு இருந்து பாருங்கள். பகல் நேர மையமாக இருக்கும் வரை சிக்கல் குறைவு. பிள்ளைகளை இரவு தங்கவைத்துப் பராமரிக்கத் தொடங்கினால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி இல்லமாகப் பதிவு செய்தாக வேண்டும்.

எந்த வகையானாலும் சேரும் முன் கேட்க வேண்டியவை

அடையாள அட்டையும் முகவரியும் கேட்காமல் "நாளைக்கே வாங்க" என்று சொல்லும் மையத்தை விட்டு விலகி இருங்கள். உங்களைப் பற்றி விசாரிக்காதவர்கள் மற்றவர்களைப் பற்றியும் விசாரித்திருக்கமாட்டார்கள். ஒரே நேரத்தில் பெரியவர்கள் இருவராவது இருக்கிறார்களா? கதவு திறந்திருக்கிறதா? அடிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறார்களா? பிள்ளைகளைத் தனியே வண்டியில் ஏற்றிப்போவது, தனியாக ஒருவருக்கு மட்டும் பரிசு தருவது, முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடுவது இவை மூன்றும் எந்த நல்ல எண்ணத்தோடு செய்தாலும் கூடாது.

பிள்ளை ஒன்று, தனக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றி உங்களிடம் வாய் திறக்கலாம். நம்பிய பெரியவரிடம்தான் அது சொல்லும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நோண்டி நோண்டிக் கேட்காமல், சொன்னதைச் சொன்னபடியே அன்றைக்கே எழுதி வையுங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. மையத்தின் பெயர் கெட்டுவிடும் என்று தள்ளிப்போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, நின்றுகொள்ளும் நாளையும் சேரும்போதே பேசி வையுங்கள். ஜூனில் சேர்ந்தால் அரையாண்டு வரை, டிசம்பர் கடைசி வரை என்று ஒரு தேதி சொல்வது நல்லது. போவதற்கு ஒரு மாதம் முன் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள், பின்னால் வேறு யாரும் சொல்லும்படி விடாதீர்கள். கடைசி 2 வாரம் அடுத்து வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வகுப்பு எடுங்கள். நோட்டை அவர் கையில் கொடுக்கும்போது, எந்தப் பிள்ளை உரக்க வாசிக்கக் கூச்சப்படும், எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.